அருவி ஃபோர்ஸ்ஃபுல்லியாக விழும்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் வயதுக்கு நாம் வந்துவிட்டோம். இனிமேல் யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை. அதனால் என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கிலீஷ் டியூஷனில் ஒரு வார்த்தைக்காக அடி வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் அந்த வார்த்தை உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. அதற்காக என் உள்ளங்கையில் விழுந்த அடி மறுநாளே ஆறிவிட்டது. எங்கள் சித்தப்பாவுக்கு விழுந்தது இன்னும் ஆறவில்லை.

நீங்களெல்லாம் டியூஷனுக்குப் போனவர்கள். நான் டியூஷனுக்குள்ளேயே வளர்ந்தவள். தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அது நடந்தது. அப்பா பகலில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், சாயங்காலம் வீட்டிலும் அதே வேலை. பாயை விரித்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்வார்கள். சாக்பீஸ் தூளும் எண்ணெய்த் தலையும் கடலைமிட்டாயும் கலந்த ஒரு வாடை அந்த அறைக்கு எப்போதும் உண்டு. அப்பாவுக்குக் கிராமர் என்றால் உயிர். தப்பான இங்கிலீஷ் கண்ணில் பட்டால் விட மாட்டார். பேக்கரிப் பலகையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்வார். கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்பே சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அம்மாவையும் விட்டதில்லை.

"ஏட்டி, குழாய்ல தண்ணி ஃபோர்ஸா வருது, குடத்த எடுத்துட்டு வா" என்று அம்மா என்னைக் கூப்பிட்டால், உள்ளே இருந்து அப்பா குரல் கொடுப்பார். "ஃபோர்ஸ்ங்கது நவுன். அதுக்கு வாலுல ஒரு ‘ஆ’வ ஒட்டிட்டா அட்வெர்ப் ஆயிருமா?"

"ஆகாட்டா போகுது. குடம் நெறஞ்சாச் சரி" என்பாள் அம்மா.

அப்பா என்னதான் தலைகீழாக நின்றாலும் எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை ஒழிக்க முடியாது. ஆனி, ஆடி வந்துவிட்டால் குற்றாலத்தைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தண்ணி எப்படி? பதிலும் ஒன்றுதான். ஃபோர்ஸா விழுது. பழக்கடைக்காரர் சொல்வார், கண்டக்டர் சொல்வார், பள்ளிக்கூடத்தையே மிதிக்காத பூக்காரம்மா சொல்வாள். அது இங்கிலீஷ் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லப்போகும் வருடம் சாரல் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மலை இருக்கும் இடமே தெரியவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் ஊசிப்போன வாடை அடித்தது. அம்மா என் பள்ளிக்கூடப் பாவாடையை அடுப்பங்கரையில் கட்டிக் காயவைத்ததால் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் புகை நாறுகிறது என்று நகர்ந்து உட்கார்ந்தாள். குற்றாலம் போகிற வழியெல்லாம் நேந்திரங்காய் வறுக்கும் தேங்காயெண்ணெய் வாசம். மங்குஸ்தானைக் கடித்துப் பல்லெல்லாம் கறை. வெளியூர்க்காரர்களுக்கு அது கொண்டாட்டம். எங்களுக்கு அது ஜலதோஷமும்தான்.

அந்தச் சாரலில்தான் அப்பா டியூஷனில் அந்த இரண்டு வார்த்தைகளை நடத்தினார். ஃபோர்ஸ்ஃபுல்லி. ஃபோர்ஸிப்ளி. ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். நான், "அருவி ஃபோர்ஸிப்ளியாக விழும்" என்ற பொருளில் ஒன்றை எழுதிக் காட்டினேன். கையை நீட்டச் சொன்னார். ஸ்கேல் விழுந்தது.

"அருவி யாரையாவது கையப் பிடிச்சு இழுக்கா? யாரு வேண்டாம்னு சொல்லச் சொல்ல விழுது? ஃபோர்ஸ்ஃபுல்லின்னா பலத்தோட. அருவி விழும், தலைவர் பேசுவாரு, காத்து அடிக்கும், எல்லாம் ஃபோர்ஸ்ஃபுல்லி. ஃபோர்ஸிப்ளின்னா பலவந்தமா. ஒருத்தன் மாட்டேங்கான், இன்னொருத்தன் விட மாட்டேங்கான், அப்பம்தான் ஃபோர்ஸிப்ளி. கதவ ஒடைக்கது, ஆளத் தூக்கிட்டுப் போறது. ஃபோர்ஸிப்ளி வந்தா அதுக்குள்ள ஒரு குத்தவாளி இருப்பான். வெளங்குதா?"

விளங்கியது. அவ்வளவு அழகாக வேறு யாரும் அந்த வித்தியாசத்தைச் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. அப்பாவின் மேல் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு. ஆனால் அவர் நல்ல வாத்தியார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்கட்டில்தான் அவரும் சித்தியும் குடியிருந்தார்கள். சித்திக்கு இலத்தூர். கல்யாணமாகி இரண்டாவது சாரல் அது. தவழத் தொடங்கியிருந்த ஒரு பெண்குழந்தை. சித்திக்கு முட்டிக்குக் கீழே தொங்கும் முடி. ரோஸ் கலரில் ஒரு சோப்பு டப்பா வைத்திருப்பாள். அதன் மூடியில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையில் வாயை வைத்து ஊதிக் குழந்தைக்கு விசில் அடித்துக் காட்டுவாள்.

அப்பா, சித்தப்பா இரண்டு பேரையும் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதே சாரலில் ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அப்பாவிடம் வந்து ஏதோ வழி கேட்டார்கள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, வேறெங்கோ கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறப்போனார்கள். அங்கே வேனோடு நின்ற சித்தப்பா ஓடிப்போய்த் தடுத்து, கையை மலை மாதிரி குவித்து, வேல் மாதிரி ஒரு விரலை நிமிர்த்தி, "பண்பொழி?" என்று கேட்டார். அந்த அம்மாள் கைதட்டிச் சிரித்தாள். பண்பொழி மலைமேல் இருக்கும் திருமலை முருகன் கோயிலுக்குத்தான் போக வேண்டுமாம். சித்தப்பாவே வேனில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டு வந்தார்.

"அவங்க பேசுனதுல கிராமரே இல்லலே" என்றார் அப்பா அன்று சாப்பிடும்போது.

"அதான பாத்தேன் அண்ணாச்சி" என்றார் சித்தப்பா. அவர் முகத்தில் கேலி இல்லை. அண்ணனைத் தெரிந்த தம்பியின் முகம் அது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

இனி அந்த நாள். ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா ஐந்தருவிக்குக் குளிக்கப் போகலாம் என்றார். சித்தி வர மாட்டேன் என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"நான் வரல. தல நனைஞ்சா மூணு நாளைக்குக் காயாது. ஒமக்கென்ன, துண்டால ஒரு தேய்ப்பு."

"ஏட்டி, வான்னு சொல்லுதேன். சும்மா கெளம்பு."

"வர மாட்டேன், வர மாட்டேன், வர மாட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கேட்டது இந்தக் கடைசி வரியைத்தான். அதற்குப் பிறகு சித்தி சிரித்துக்கொண்டே, தலைக்குத் தேய்க்க எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. சித்தியும் நானும் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தோம். மேலே எங்கேயோ மலைக்குள் மழை கொட்டியிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் நிறத்தில் சுள்ளியும் இலையும் விழுந்தன. போலீஸ்காரர் விசில் ஊதினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வழிக்குப் பாய்ந்தார்கள். சித்தப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து பைப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். என்னைத் தூக்கி மேல்படியில் எறிந்தார். என் முழங்கை கிழிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது சித்தி பைப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். சித்தப்பாவின் கை அவள் தோளில் இருந்தது. அப்போது மறுபடியும் ஒரு வெள்ளம் வந்தது. அவர் கை மட்டும் நீட்டினபடி அப்படியே இருந்தது. சித்தி இல்லை.

கீழே வெகுதூரம் தள்ளி, ஒரு பாலத்தடியில் சித்தியை எடுத்தார்கள். அவள் கொண்டுபோன சோப்பு டப்பா கிடைக்கவில்லை.

சித்தி வீட்டு இலத்தூர்க்காரர்கள் வந்தார்கள். பெற்றவர்களின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மனிதன் வேண்டும். தண்ணீரைப் பிடித்து உலுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி, "வர மாட்டேன் வர மாட்டேன்னு கத்துனா, பாவி மக" என்று அழுதுகொண்டே சொன்னாள். கூட்டத்தில் இருந்த யாரோ, சித்தப்பாவின் கை சித்தியின் தோளில் இருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவ்வளவு போதாதா? சித்தப்பாதான் தள்ளிவிட்டார் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் செத்தால் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒருவர் வந்தார். சித்தியின் பக்கத்தில் கடைசிவரை நின்றவள் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி வடநாட்டுக்காரர். இளவயது, சாந்தமான முகம். தமிழ் அப்போதுதான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தார். வரும் வழியெல்லாம் பாடம் ஒப்பிப்பது போல அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. உள்ளே போனதும், "மை டாட்டர் இஸ் எ ட்ரூத்ஃபுல் கேர்ள், சார்" என்றார். ஒரு பிசிறு இல்லை. அதிகாரிக்குச் சந்தோஷம். இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும், "வெரி குட்" என்று சொல்லிவிட்டு, கிளார்க்கைச் சும்மா இருக்கச் சொன்னார். இனி அப்பாவே மொழிபெயர்த்தால் போதும்.

நான் நடந்ததைச் சொன்னேன். "சித்தப்பா என்னத் தூக்கி மேல போட்டாவ. பொறவு சித்தி தோளப் பிடிச்சாவ. அதுக்குள்ள ஃபோர்ஸா தள்ளிட்டு, சார்."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் ‘தள்ளிட்டு’ என்றால் தள்ளிவிட்டது என்று அர்த்தம். அஃறிணை. தண்ணீர், காற்று, மாடு, பஸ் இவைதான் ‘தள்ளிட்டு’. சித்தப்பா தள்ளியிருந்தால் நான் ‘தள்ளிட்டாவ’ என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதில் குழப்பம் வராது.

ஆனால் அதிகாரிக்கு என் பேச்சில் புரிந்த ஒரே சொல் ‘ஃபோர்ஸ்’. அப்பா மொழிபெயர்க்கத் தொடங்குவதற்குள் அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. மூக்கால், வேகமாக, பாதி வார்த்தைகளை முழுங்கி, பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசுகிற மாதிரி பேசினார். அதில் எனக்கு ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்தது. ஃபோர்ஸிப்ளி.

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. "எஸ், சார்" என்றார்.

அதிகாரி இன்னொன்று கேட்டார். அதற்கும் "எஸ், சார்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட வருத்தத்தோடு, மூன்றாவதாக ஒன்று கேட்டார். அப்பா தலையை நன்றாக ஆட்டி, "எஸ், சார். எஸ், சார்" என்றார். அதிகாரி எழுந்து நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். கிளார்க் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். பெரியவர்கள் இரண்டு பேர் இங்கிலீஷில் பேசும்போது அவர் குறுக்கே பேசுவாரா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலுக்கே ஓடிவந்தாள். "என்ன கேட்டாவ?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டு. கை குடுத்தாரு. என் இங்கிலீஷ் அவருக்குப் பிடிச்சுப்போச்சு" என்றார் அப்பா. காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த வாரமே போலீஸ் வந்தது. சித்தப்பா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவக்கூட விடவில்லை. மனைவியைக் கணவனே பலவந்தமாகத் தள்ளியிருக்கிறான், கணவனின் உடன்பிறந்த அண்ணனே அதை உறுதி செய்தார், இதுதான் அதிகாரி கண்ட முடிவு என்று நாங்கள் வைத்த வக்கீல் சொன்னார். சொல்லிவிட்டு அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அவரு கேட்டது ஒங்களுக்கு வெளங்கிச்சா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எத்தன வருசமா இங்கிலீஷ் நடத்துதேன் தெரியுமா? எம்மக சொன்னத அவருதான் தப்பா எடுத்துட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய?"

வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை. வாத்தியாரிடம் படித்தவர் அவரும்.

சித்தப்பாவைப் பாளையங்கோட்டை ஜெயிலில் வைத்தார்கள். குழந்தையை இலத்தூர்க்காரர்கள் தூக்கிப்போனார்கள். அம்மா வாசல்வரை ஓடினாள். குழந்தை அம்மாவின் சேலை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது. அவர்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அப்பா கற்றுக்கொடுத்த அந்த ஃபோர்ஸிப்ளிக்குச் சரியான உதாரணத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? கிளார்க் வாய்வழியாகக் கதை பரவியிருந்தது. பெரிய அதிகாரியிடம் நேருக்கு நேர் இங்கிலீஷில் பேசியவர், சொந்தத் தம்பி என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன மனிதர். அடுத்த வருடம் டியூஷனுக்கு இடம் பற்றாமல் பிள்ளைகள் நடையில் உட்கார்ந்தார்கள். அம்மா அப்பாவோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

அடுத்த சாரலும் போய், அதற்கடுத்த சாரலின்போது வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி எங்கள் வட்டாரத்துக்காரர். என்னைக் கூண்டில் ஏற்றி, "யாரும்மா தள்ளுனது?" என்று கேட்டார். "தண்ணிதான் சார்" என்றேன். "சித்தப்பா?" "பிடிச்சாவ சார்." அவ்வளவுதான். வேறு சாட்சிகளும் அதையே சொன்னார்கள். சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். தமிழில் கேட்டிருந்தால் முதல்நாளே முடிந்திருக்கும் விஷயம்.

சித்தப்பா வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையைக் கூட்டிவர இலத்தூர் போனோம். அவர், அப்பா, நான். சித்தியின் அப்பா வாசலிலேயே நிறுத்தினார். சித்தியின் அம்மா இடுப்பில் குழந்தை. அதற்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

"கோர்ட்டு விட்டிருக்கலாம்" என்றார் சித்தியின் அப்பா. "ஆனா பெரிய ஆபீசரு கேட்டப்பம் உடம்பொறந்த அண்ணனே ஆமான்னு சொன்னாரே. எந்த அண்ணனாவது தம்பிய அநியாயமா மாட்டிவிடுவானா? அவரு பொய் சொன்னாருன்னா, இந்தா, அவரே இங்கன நிக்காருல்லா, சொல்லச் சொல்லும். பிள்ளையத் தாரேன்."

சித்தப்பா அப்பா பக்கம் திரும்பினார். கையைக் கூப்பவில்லை, அதட்டவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, அந்த ஆபீசரு பேசுனது ஒங்களுக்குப் புரியலன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சித்தப்பா அப்பாவைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். குழந்தைக்காக ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்றும் நினைத்தேன். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அதில் அப்பாவிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இதுல ஒரு நுணுக்கம் இருக்கு" என்று தொடங்கினார். "ஃபோர்ஸிப்ளின்னு ஒரு வார்த்த இருக்கு, ஃபோர்ஸ்ஃபுல்லின்னு ஒரு வார்த்த இருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது பலவந்தமா. பின்னது பலமா. அந்த எடத்துல வந்திருக்க வேண்டியது பின்னது. பலமாத் தள்ளிட்டுங்கது வேற, பலவந்தமாத் தள்ளிட்டுங்கது வேற. அதிகாரி முன்னதப் போட்டுட்டாரு."

வகுப்பில் நடத்துவது போலவே நடத்தினார். ஒரு தப்பு இல்லை.

சித்தியின் அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்பம் தள்ளுனது நெசம். எப்படித் தள்ளுனாங்கதுலதான் வித்தியாசமா? இதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியளா?"

அப்பா திரும்பவும் வாயெடுத்தார். சித்தப்பா அவர் தோளைத் தொட்டு, "போதும் அண்ணாச்சி, வாங்க" என்றார். கதவு சாத்தப்பட்டது. அந்த மாதமே சித்தப்பா மலைக்கு அந்தப் பக்கம், புனலூருக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நான் படித்து முடித்து, வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அப்பாவின் கிராமர் என் தலைக்குள் பத்திரமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்தார். மூக்கால், வேகமாக, பாதி வார்த்தையை முழுங்கி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் என்ன நினைப்பார்? என் வாய் தானாகத் திறந்தது. "எஸ், சார்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. சித்தப்பா பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லத்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷ் நடத்திய மனிதர், இங்கிலீஷ் பேசுகிற ஒருவரிடம் உட்கார்ந்து பேசியதே இல்லை. எழுதிக் காட்டியிருந்தால் ஒரு கமா விடாமல் திருத்தியிருப்பார். காதால் கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் சித்தப்பாவின் பிள்ளை போயிற்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "அன்னைக்கு அந்த அதிகாரி என்ன கேட்டாருப்பா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "ரொம்ப வேகமாப் பேசுனாரு" என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து நான் வாங்க முடிந்தது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அப்பா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள்.

இந்தச் சாரலில் சித்தப்பா புனலூரிலிருந்து ரயிலில் வந்தார். நெஞ்சில் கோளாறு, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறது. வந்து உட்கார்ந்ததும், "ஏட்டி, எலத்தூருக்கு ஒருக்காப் போயிட்டு வருவமா?" என்றார். மகள் அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தையல் கடை வைத்திருக்கிறாள். இவர் பலமுறை ஆள்விட்டுக் கேட்டும் அவள் பார்க்க மறுத்துவிட்டாள். அப்பாதான் அம்மாவைத் தள்ளிவிட்டார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தது அப்படி.

ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தி, சித்தப்பாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு அன்றைக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை, தெரியாமல் எஸ் சொல்லிவிட்டார், கடைசிவரை வெட்கத்தில் மறைத்துவிட்டார் என்று பச்சையாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"செத்தவரு மேல பழியப் போடுதியளா அக்கா?" என்றாள்.

"சத்தியமாச் சொல்லுதேன்ம்மா."

"எங்க வீட்டுக்காரரே அவருகிட்டப் படிச்சவருதான். அவரு மாதிரி இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு இந்தத் தென்காசிலயே கெடையாதும்பாரு. கலெக்டரோட சரிக்குச் சரி பேசுன மனுசன். அவருக்கா புரியல?" சிரித்துவிட்டாள். "சொல்லுததப் பொருத்தமாவாச்சும் சொல்லக் கூடாதா? போங்க அக்கா. பிள்ளைக வர நேரம்."

வாசலில் வெளிச்சத்துக்கு வந்து நின்றபோதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம், பேசி முடித்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கும் உதடு. அப்படியே சித்தப்பா.

ஆட்டோவுக்குத் திரும்பினேன். சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருவாளா மாட்டாளா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும். நான் ஏறி உட்கார்ந்து, வண்டி இலத்தூரைத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"பிள்ள யாரு முகச்சாடைட்டி?"

"சித்திதான் சித்தப்பா. அச்சு அசல்."

"அப்பம் பரவால்ல" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "என் சாடையில இருந்திருந்தா, கண்ணாடியப் பாக்கும்போதெல்லாம் வெறுத்திருப்பா."